பத்தில் ஏழு பாடம்

1

நாங்கள் அமெரிக்காவில் வந்து இறங்கி ஒன்பது வருஷம் முடிந்த அன்றைக்கு லூர்து சேமியாப் பாயசம் வைத்திருந்தாள். லூர்து என் வீட்டுக்காரி. வருஷா வருஷம் ஜூன் மாதம் அந்தத் தேதியில் மறக்காமல் வைப்பாள். எதுக்கு வைக்கிறாய் என்று கேட்டால், வந்து சேர்ந்ததுக்கு நன்றியா, திரும்பிப் போகாததுக்கு வருத்தமா, எனக்கே தெரியல, பேசாமக் குடிங்க என்பாள்.

இந்த வருஷம் டம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் எங்கள் மகள் ரீத்தா மாடியிலிருந்து இறங்கி வந்து செல்போனை என் முன்னால் வைத்தாள். அவள் படிக்கிற காலேஜிலிருந்து வந்த மெயில். படிப்பில் உங்கள் முன்னேற்றம் போதுமானதாக இல்லை, ஆகவே வருகிற செமஸ்டரிலிருந்து உதவித்தொகை நிறுத்தப்படுகிறது என்று போட்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அந்த வருஷம் பிள்ளை முடித்தது ஆறு பாடம். நாலில் ஏ, ரெண்டில் பி. இதுக்கு மேல என்னய்யா முன்னேற்றம் வேணும் உங்களுக்கு என்று போனைப் பார்த்தே கேட்டேன். வேறு எந்தக் கழுதைக்கோ போக வேண்டிய கடுதாசி, ஆள் மாறி வந்திருக்கு என்றேன். ரீத்தா சிரிக்கவில்லை. நல்லா வாசிங்கப்பா என்று சொல்லிவிட்டு, பாயசத்தைத் தொடாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை பார்க்கிறேன். லூர்துக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. ரெண்டு பேர் சம்பளமும் வாடகை, கார், சாப்பாடு என்று சரியாகப் போய்விடும். அரசாங்கம் கொடுக்கிற அந்த உதவித்தொகை நின்றால் ஆகஸ்டில் ரீத்தா காலேஜ் வாசல்படி மிதிக்க முடியாது. நர்ஸ் படிப்பு அதோடு போச்சு. எங்களை இங்கே கூப்பிட்ட என் அக்காவும் நர்ஸ்தான். கேரளாவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்துவிட்டு ஓஹாயோ வந்தவள். அவள் போட்ட மனு கனிந்து எங்களுக்கு விசா வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. அத்தை மாதிரி நர்ஸாக வேண்டும் என்று ரீத்தா வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மெயிலை நல்லா வாசித்தேன். மூன்றாவது தடவை வாசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பாயசம் ஆறி ஆடை கட்டிப்போயிருந்தது.

2

நான் யார் என்று சொன்னால்தான் மேற்கொண்டு விளங்கும். எங்கள் ஊர் பண்ணைப்புரத்துக்குப் பக்கம். தினமும் பஸ் ஏறித் தேனிக்குப் போய், ஒரு வத்தல் மண்டிக்கு மேலே மாடியில் பதினேழு வருஷம் டுடோரியல் நடத்தினேன். நானும் செல்வம் என்கிற சிநேகிதனும் கூட்டு. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பெயிலானவர்கள்தான் எங்கள் மாணவர்கள். கீழே வத்தல் மூட்டையை உதறினால் மேலே முப்பது பேரும் தும்முவார்கள். நான் தும்மிக்கொண்டே அல்ஜீப்ரா நடத்துவேன்.

கணக்கு நடத்த என்னைவிடக் கெட்டிக்காரர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். எனக்குப் பேர் வந்தது வேறு ஒன்றுக்கு. எந்தப் பாடத்தை இப்போது எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்று பார்த்துச் சொல்வேன். பையன் அஞ்சு பாடத்தில் பெயில் என்று தகப்பன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். மார்க் ஷீட்டை வாங்கி ஒரு நிமிஷம் பார்ப்பேன். "ஏலே, அஞ்சையும் கட்டிக்கிட்டு அழாத. இந்தத் தடவை ரெண்டு. மத்ததைத் தொடாத, பரீட்சைக்கே போகாத" என்பேன். அரைகுறையாக எழுதி இன்னொரு தடவை பெயிலானால் பையன் மனசு விட்டுப்போகும். எழுதாமல் விட்டால் ஒன்றும் குடிமுழுகாது, அடுத்த பரீட்சை இருக்கவே இருக்கிறது. ரெண்டு ரெண்டாக ஏறினால் யாராக இருந்தாலும் கரை சேரலாம். இதுதான் என் தொழில் ரகசியம்.

வீரபாண்டியிலிருந்து பாண்டி என்று ஒருத்தன் வந்தான். அஞ்சிலும் பெயில். சித்திரைத் திருவிழா வந்தால் ஒரு வாரம் ஆளையே பார்க்க முடியாது, ராட்டினத்துப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ரெண்டு, ரெண்டு, ஒன்று என்று மூன்று தடவையில் அவனைத் தூக்கிவிட்டேன். இன்றைக்குத் தேனி மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறான். எத்தனை தடவையில் பாஸானாய் என்று அவனிடம் ஒரு கத்தரிக்காய் வியாபாரிகூடக் கேட்டதில்லை. அமெரிக்கா கிளம்பிய அன்றைக்கு ஆண்டிபட்டி வரைக்கும் காரில் கூடவே வந்து வழியனுப்பினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, லூர்து தலையில் அடித்துக்கொண்டாள்.

3

போன வருஷம் ஆகஸ்டில் ரீத்தா காலேஜில் சேர்ந்தாள். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வருகிற காலேஜ்தான். முதல் செமஸ்டரில் அஞ்சு பாடம். கெமிஸ்ட்ரியும் உடற்கூறும் அவளுக்கு இழுத்தன. அக்டோபரில் ஒருநாள் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கெமிஸ்ட்ரி புரொபசரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். இப்படியே போனால் சி கிடைக்கும், பாஸ்தான் என்று அந்தம்மா சொன்னதாம்.

சி என்று கேட்டதும் எனக்குப் பழைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். மூன்று பாடத்தை நல்லாப் பிடி, இது ரெண்டையும் விட்டுரு, அடுத்த தடவை எடுத்து ஏ வாங்கு என்றேன். பாஸாகிறதை எதுக்குப்பா விடணும் என்று கேட்டாள். எவ்வளவு சரியான கேள்வி! ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை பிள்ளையைக் கரை சேர்த்தவன் நான், என்கிட்டயே சந்தேகமா என்றேன். மறுநாள் ரெண்டையும் விட்டுவிட்டு வந்தாள். விட்ட பாடத்துக்கு நேரே மார்க் இல்லை, டபிள்யூ என்று ஒரு எழுத்துத்தான் போட்டிருந்தார்கள். பார்த்தியா, பெயில்னு எங்கயாச்சும் இருக்கா என்று அவளிடம் காட்டினேன்.

டிசம்பரில் காலேஜிலிருந்து எச்சரிக்கை என்று ஒரு மெயில் வந்தது. ரீத்தா காட்டினாள். நான் மார்க்கைத்தான் பார்த்தேன். ரெண்டு ஏ, ஒரு பி. மிஷின் எல்லாருக்கும் அனுப்பும்மா, கண்டுக்காதே என்றேன். அடுத்த செமஸ்டரிலும் அஞ்சு எடுத்து, என் பேச்சைக் கேட்டு ரெண்டை விட்டாள்.

இப்போது விதியைச் சொல்கிறேன். நம் ஊரிலிருந்து பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், உறவுக்காரர்கள் யாரும் இங்கே இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். உதவித்தொகை வாங்குகிற பிள்ளைக்கு மார்க் நல்லா இருந்தால் மட்டும் போதாது. எடுத்த பாடத்தில் மூன்றில் ரெண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும். வகுப்பு தொடங்கின முதல் சில நாளுக்குள் விட்டால் கணக்கில் வராது. அதற்குப் பிறகு விட்டால், எடுத்ததாகவும் முடிக்காததாகவும் எழுதிக்கொள்வார்கள். ஒட்டுமொத்தப் படிப்பையும் இத்தனை காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு வரம்பு வேறு இருக்கிறது. பாண்டி மாதிரி ஆற அமர ஏறுவதற்கு இங்கே படியே வைக்கவில்லை.

பத்துப் பாடம் எடுத்தாள், ஆறு முடித்தாள். ஏழு முடித்திருந்தால் போதும். அந்த கெமிஸ்ட்ரியில் சி வாங்கியிருந்தால் ஏழு. பதினேழு வருஷம் கணக்கு நடத்தினவனுக்கு இந்தக் கணக்கு வரவில்லை. ஜூன் மாதம் பூராவும் கட்டிலைத் தள்ளிக்கொண்டே மனசுக்குள் பத்தில் ஏழு, பத்தில் ஏழு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு வயசான நோயாளி, ஜெபமா சொல்கிறாய் என்று கேட்டார்.

4

மேல்முறையீடு செய்யலாம் என்று மெயிலின் அடியில் போட்டிருந்தது. ஏன் இப்படி ஆனது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ரெண்டு கேள்வி. ஆதாரம் இருந்தால் இணைக்கவும். உதாரணத்துக்கு நோய், குடும்பத்தில் சாவு என்று எழுதியிருந்தது.

ஆதாரம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் என் கை தானாகவே செல்வத்துக்குப் போன் போட்டது. டுடோரியலை மூடின பிறகு அவன் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை போட்டிருக்கிறான். மெடிக்கல் சர்டிபிகேட்தானே மாப்ள, இது ஒரு பெரிய விஷயமா என்றான். நம் ஊரில் லீவுக்கு ஒருமுறையாவது அப்படி வாங்காதவர் யார்? ரெண்டு நாளில் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. மேற்படி ரீத்தா என்பவர் மஞ்சள்காமாலையால் பாதிக்கப்பட்டு ஆறு வாரம் தேனியில் தங்கிச் சிகிச்சை பெற்றார் என்று, சீல், கையெழுத்து எல்லாம் பக்காவாக இருந்தது.

பெரிய காரியம் முடித்தவனாக ரீத்தாவிடம் காட்டினேன். முழுக்க வாசித்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எங்களிடம் கற்றதால் வந்தாக போனாக என்று எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு அப்படியே வரும். கோபம் வந்தால் இங்கிலீஷுக்கு மாறிவிடுவாள், அதுதான் அடையாளம். அன்றைக்கு மாறவில்லை.

"நான் தேனிக்குப் போயி ஏழு வருஷமாச்சு. அந்த ஆறு வாரமும் இங்கன கிளாஸ்ல உக்காந்திருந்தேன், அட்டெண்டன்ஸ் இருக்கு" என்றாள். பிறகு போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு ஒரு நோயும் இல்லப்பா. நீங்க சொன்னதக் கேட்டேன். அவ்வளவுதான்."

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். லூர்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நல்லா வேணும் என்ற முகத்தோடு உள்ளே போய்விட்டாள். அந்தச் சர்டிபிகேட்டை அழித்தேன். செல்வத்துக்குத்தான் வருத்தம். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேனேடா, சீல்கூட நேரா விழுந்திருந்துச்சே என்று ரெண்டு நாள் புலம்பினான்.

5

மறுநாள் ரீத்தாவிடம் சொல்லாமல் நானே காலேஜ் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன். தகப்பன் என்று சொன்னேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பையன் மரியாதையாகச் சிரித்தான். உங்கள் மகள் எங்கள் மாணவியா என்பதைக்கூட அவள் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் உங்களிடம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை என்றான். தேனியில் என்றால் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்த தகப்பனைத்தான் முதலில் நிற்க வைத்து ஏசுவார்கள். பெற்றவனிடமே பெற்ற பிள்ளையைத் தெரியாது என்கிறானே என்று அக்காவுக்குப் போன் போட்டுக் கொதித்தேன். உன் மகளுக்குப் பத்தொன்பது வயசுடா என்றாள்.

மாணவியை அறிந்த வேறு ஒருவரும் கடிதம் கொடுக்கலாம் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது. உட்கார்ந்தேன். முதல் தாளில், மதிப்பிற்குரிய ஐயா, மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்கிற பாணியில் இங்கிலீஷில் ஆரம்பித்து, சூழ்நிலை காரணமாகச் சில பாடங்கள் விடுபட நேர்ந்தது என்று முடித்தேன். லூர்து படித்துக் காட்டச் சொன்னாள். படித்துத் தமிழில் சொன்னேன்.

"சூழ்நிலைன்னா யாரு? நீங்கதானே" என்றாள். "எழுதுனா உள்ளத எழுதுங்க. இல்லாட்டி அந்தப் பிள்ளைய அது பாட்டுக்கு விடுங்க."

நாலு தாள் கிழித்த பிறகு எழுதினேன். என் மகள் சோம்பேறி இல்லை. பாஸாக இருந்த பாடத்தையும் விடச் சொன்னது நான். எங்கள் ஊரில் அது சரியான புத்தி. இங்கே தப்பு என்று தெரிந்துகொள்ளாமல் சொன்னேன், அவள் கேட்ட கேள்வியையும் மதிக்கவில்லை. எச்சரிக்கை வந்தபோதும் அலட்சியம் செய்தது நான்தான். இதற்கு அவளைத் தண்டிக்க வேண்டாம். இவ்வளவுதான் கடிதம். என் வாழ்க்கையில் தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் அது ஒன்றுதான். எனக்கே வெட்கமாக இருந்தது.

ரீத்தாவும் அவள் கடிதத்தை எழுதினாள். எனக்குக் காட்டவில்லை, நானும் காட்டவில்லை. ரெண்டையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள், என்னுடையதை ஒட்டின உறையைப் பிரிக்காமல் அப்படியே.

6

ஜூலைக் கடைசியில் நேரில் வரச் சொன்னார்கள். தகப்பனும் வரலாம், மாணவி அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் என்று இருந்தது. ரீத்தா போட்டாள். ஐம்பது வயசுக்கு மேலே இருக்கும் ஒரு கறுப்பின அம்மா, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்கள் ரெண்டு கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குரலில் கடுமை இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கிறவரும் இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது.

உன் கடிதத்தில் நீயே முடிவெடுத்தாய் என்று இருக்கிறது, அப்பா கடிதத்தில் அவர் சொல்லித்தான் செய்தாய் என்று இருக்கிறது, எது உண்மை என்று ரீத்தாவிடம் கேட்டார். எனக்கு அப்போதுதான் தெரியும், அவள் என் பேரையே எழுதவில்லை என்று. காரியத்தைக் கெடுத்தோமோ, ரெண்டு பேரும் பொய் சொல்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம் வேறு.

விடச் சொன்னது அப்பாதான் என்றாள் ரீத்தா. ஆனால் விடுகிற படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். ரெண்டுமே உண்மைதான் என்றாள்.

அந்த அம்மா தலையாட்டினார். எங்களுக்கு யார்மேல் குற்றம் என்பது முக்கியமில்லை என்றார். என்ன மாறியிருக்கிறது என்பதுதான் கேள்வி. வருகிற அக்டோபரில் ஒரு பாடம் கஷ்டமாக இருக்கும், உன் அப்பா இதே யோசனையைச் சொல்வார். அப்போது நீ என்ன செய்வாய்?

ரீத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, பாடம் விஷயமாக இனிமேல் அப்பாவிடம் கேட்க மாட்டேன் என்றாள்.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கி, அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. வலித்தது. பதினேழு வருஷம் ஊரான் பிள்ளைகள் எல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டு மேலே போனார்கள், என் பிள்ளை என்னிடம் கேட்காமல் இருந்தால்தான் படிக்க முடியும் என்று ஒரு காகிதத்தில் ஏறுகிறது. நான் குறுக்கே பேச வேண்டிய இடம் இல்லை அது.

வீட்டுக்கு வருகிற வழியில் ரோட்டையே பார்த்துக் காரை ஓட்டினேன். நான் அவள்மேல் கோபமாக இருப்பதாக நினைத்திருப்பாள். எனக்குக் கோபம் இல்லை. அவள் அதைச் சொன்ன விதம் பிடித்திருந்தது, அதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

7

பத்து நாளில் பதில் வந்தது. ஒரு செமஸ்டருக்கு நிபந்தனையோடு உதவித்தொகை தொடரும். எடுக்கிற எல்லாப் பாடத்தையும் முடிக்க வேண்டும், எதையும் விடக் கூடாது, எதிலும் பெயிலாகக் கூடாது. ஒன்று தவறினாலும் அதோடு சரி. நாலு பாடம் எடுத்துக்கொள்ள ஆலோசகர் சொன்னாராம். கெமிஸ்ட்ரியும் அதில் உண்டு. லூர்து கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

செப்டம்பரில் கெமிஸ்ட்ரியில் முதல் பரீட்சை நடந்தது. விடைத்தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. பாஸ் இல்லை. எனக்கு உள்ளங்கை அரித்தது. எந்தெந்த இடத்தில் மார்க் போயிருக்கிறது என்று கண் தானாக ஓடியது. லூர்து ஒரு பார்வை பார்த்தாள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் அவள் காலேஜில் யாரோ சீனாக்காரப் பையன் சொல்லிக்கொடுக்கிற வகுப்புக்குப் போனாள். இரண்டாவது பரீட்சை எழுதினாள். எவ்வளவு வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு சிரமமான வேலை என்று இந்த வயசில்தான் கற்றுக்கொண்டேன். செல்வம் போன் செய்து பிள்ளை எப்படிப் படிக்குது என்று கேட்டால், கேட்டுச் சொல்றேன்டா என்று வைத்துவிடுவேன்.

பாடத்தை விடுவதற்குக் கடைசி நாள் எது என்று காலேஜ் இணையப் பக்கத்தில் பார்த்து வைத்திருந்தேன். அது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்கு லீவு. காலையிலிருந்து வீட்டைப் பெருக்கினேன், காரைக் கழுவினேன், கழுவின காரை மறுபடியும் துடைத்தேன். ரீத்தா சாயங்காலம் வந்தாள். கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். லூர்து சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். நான் எதிரே உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பாதிச் சோற்றில் ரீத்தா, "இன்னைக்குத்தான் டிராப் பண்ணக் கடைசி நாள்ப்பா. நான் விடல" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலயேம்மா" என்றேன்.

"கேக்கல. அதான் சொல்றேன்."